எண் மாறும், பெயர் நிற்கும்

(பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

இம்முகாமில் குடிநீரைப் பற்றியும், சாலைகளைப் பற்றியும், கணக்கு வைக்கும் முறையைப் பற்றியும் நண்பர்கள் பலர் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள விஷயம் மிகச் சிறியது. பஞ்சாயத்துக் காரியாலயத்தின் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் ஒரு சிறு பெட்டியில், ஒரு கட்டத்தில், எதை எழுதி வைக்க வேண்டும் என்பதே அது. ஒரு வரியில் எழுதி முடிக்கக்கூடிய இதற்காக ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த ஒரு வரியைத் தவறாக எழுதியதனால் நான் பணி புரிந்த ஒரு வட்டாரத்தில் ஓர் இரவு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

ஓர் இரவு நடந்தது

அது ஐப்பசி மாதம். குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம். எங்கள் யூனியனில் 27 பஞ்சாயத்துகள். எல்லாக் காரியாலயங்களுக்கும் கண்ணாடியிழைக் கேபிள் வந்து சேர்ந்திருந்தது. அக்கேபிளின் வழியாகப் பேசுவதற்கு ஒவ்வோர் இடத்திலும் இணையவழி டெலிபோன் கேட்வே என்னும் பெட்டியைப் பொருத்தி, அதில் சாதாரண மேசை டெலிபோன் ஒன்றை இணைத்திருந்தோம். மழைக் காலமாதலால், இரவு நேரத்தில் டெலிபோனருகில் ஒருவர் முறைவைத்துத் தங்கும்படியும் ஏற்பாடு செய்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை இரவு பலத்த மழை. நள்ளிரவுக்கு மேல் மதகைத் திறந்து உபரி நீரை வெளியேற்றப் போவதாகப் பாசன அதிகாரியிடமிருந்து எங்களுக்குச் செய்தி வந்தது. தாழ்வான இடங்களில் குவித்து வைக்கப்பட்டுள்ள நெல்லை உடனே அப்புறப்படுத்துமாறு எல்லாப் பஞ்சாயத்துகளுக்கும் தெரிவிக்க வேண்டும். யூனியன் காரியாலயத்திலிருந்து வரிசையாக டெலிபோன் செய்தோம். 16 ஊர்களில் மணி அடித்தது, செய்தி சேர்ந்தது. 11 ஊர்களில் மணி அடிக்கவே இல்லை. தலைவர்களின் மொபைல் எண்களை அழைத்தோம். சிலர் கிடைத்தனர். சிலர் கிடைக்கவில்லை, மின்சாரம் நின்று டவரும் ஓய்ந்துவிட்டது. மோட்டார் சைக்கிள்களில் ஆட்களை அனுப்பினோம். பத்து ஊர்களுக்கு நேரத்தில் செய்தி போய்விட்டது. ஓர் ஊருக்குச் செல்லும் வழியில் தரைப்பாலம் மூழ்கியிருந்தது. சுற்றிச் சென்றவர் சேர்வதற்குள் வாய்க்கால் பெருகி, கொள்முதல் நிலையத்து வாயிலில் எடைக்காகக் காத்துக் கிடந்த நெற்குவியல்களைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது. உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் நூறு நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு ஒரு மணி நேரத்தில் நனைந்து போயிற்று.

மறுநாள் காலையில் அங்கே சென்றேன். நனைந்த நெல்லைக் கையால் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “பெட்டியில் விளக்கு ராத்திரி முழுவதும் எரிந்துகொண்டுதானே இருந்தது, ஐயா! பின்னே ஏன் மணி அடிக்கவில்லை?” என்று கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாட்கள் விசாரித்த பிறகே தெரிந்தது.

அந்த 11 பெட்டிகளிலும் எவ்விதப் பழுதும் இல்லை. பேட்டரியில் மின்சாரம் இருந்தது; கேபிளும் அறுபடவில்லை. நடந்தது இதுதான். டெலிபோன் சேவை அளித்துவந்த நிறுவனம் அந்தச் சனிக்கிழமை பகலில் தன் சர்வரை வேறோர் இடத்திற்கு மாற்றியது. சர்வரின் எண்ணும் மாறியது. 16 பெட்டிகளில் சர்வரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அவை புதிய இடத்தைத் தாமே தேடிக் கண்டுகொண்டன. 11 பெட்டிகளில் பழைய எண் எழுதப்பட்டிருந்தது. அவை ஆளில்லாத வீட்டின் கதவை இரவெல்லாம் தட்டிக்கொண்டிருந்தன. எண் மாறப் போவதை நிறுவனம் ஒரு மாதத்திற்கு முன்பே மின்னஞ்சலில் அறிவித்திருந்தது. அதுவோ, மாறுதலாகிச் சென்றுவிட்ட ஒரு குமாஸ்தாவின் பெயரில் இருந்த பெட்டிக்குப் போய் அங்கேயே கிடந்தது.

அந்த 11 பெட்டிகளின் வேலை செவ்வனே முடிந்ததெனச் சான்று எழுதிக் கையொப்பமிட்டவன் நானே. பொருத்திய அன்று டெலிபோனை எடுத்துப் பேசிப் பார்த்தேன், மறுமுனையில் குரல் தெளிவாகக் கேட்டது, கையொப்பமிட்டேன். இன்று வேலை செய்கிறது என்பது ஒன்று. நாளையும் வேலை செய்யும் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் நான் ஒன்றாகக் கருதிவிட்டேன். அத்தவற்றை நீங்கள் செய்யலாகாது என்பதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

பெட்டி செய்யும் வேலை

கேட்வே என்பதற்கு நுழைவாயில் என்று பொருள். ஒரு பக்கம் சாதாரண டெலிபோன். மறுபக்கம் இணையக் கேபிள். நாம் பேசும் குரலை இப்பெட்டி எண்களாக்கி, சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி இணையத்தில் அனுப்புகிறது. பெரும்பாலும் ஒரு வினாடிப் பேச்சு 50 பொட்டலங்களாகிறது. மறுமுனையில் உள்ள பெட்டி அவற்றைப் பிரித்து மீண்டும் குரலாக்கித் தருகிறது. குரலைச் சுருக்காமல் அனுப்பும் வழக்கமான முறையில், குரலுக்கு மட்டும் வினாடிக்கு 64,000 பிட்டுகள் தேவைப்படும். இன்றைய கண்ணாடியிழைக் கேபிளுக்கு இது ஒரு சுமையே அன்று.

பொட்டலங்களை யாருக்கு அனுப்புவது? இதற்கு நடுவே ஒரு சர்வர் இருக்கிறது. அது டெலிபோன் எக்ஸ்சேஞ்சு போன்றது. பெட்டிக்கும் சர்வருக்கும் பொதுவான பேச்சு முறைக்கு ‘எஸ்.ஐ.பி.’ என்று பெயர். இதன் இன்றைய அடிப்படை விதிகள் 2002ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. இம்முறைப்படி ஒவ்வொரு பெட்டியும் குறித்த காலத்துக்கு ஒரு முறை சர்வரிடம் சென்று, “நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், எனக்கு வரும் அழைப்புகளை இங்கே அனுப்புக” என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். வேலைத்தலத்தில் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவது போன்றதே இது. பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்குக் கூலி இல்லை. சர்வரில் பதிவு இல்லாத பெட்டிக்கு மணி இல்லை.

இந்தப் பதிவைச் செய்வதற்குச் சர்வர் இருக்குமிடம் பெட்டிக்குத் தெரிய வேண்டுமல்லவா? அதை எழுதுவதற்கே பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் எண்ணையும் எழுதலாம், பெயரையும் எழுதலாம். பெட்டி இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். பொருத்திய அன்று இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யும். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

எண்ணின் இயல்பு

இணையத்தில் ஒவ்வோர் இயந்திரத்தையும் ஐ.பி. முகவரி என்னும் எண்ணால் குறிக்கிறார்கள். 192.0.2.10 என்பது போல நான்கு பகுதிகளாக அது எழுதப்படும். (இவ்வெண் உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது, யாருடைய சர்வருக்கும் உரியதன்று.)

விவசாயிகளாகிய நீங்கள் எண்ணை நம்பிப் பழகியவர்கள். நிலத்தை அப்பன் பெயரில் சொன்னாலும் மகன் பெயரில் சொன்னாலும், சர்வே எண்ணைச் சொன்னால்தான் கர்ணம் காலத்திலிருந்து இன்றுவரை காரியம் நடக்கும். உடையவர் மாறுவார், சர்வே எண் நிலத்தோடு நிற்கும். ஆகவே, இணையத்திலும் எண்ணே உறுதியானது, பெயர் வெறும் அலங்காரம் என்று நமக்குத் தோன்றுவது இயல்பே. நானும் அப்படியே எண்ணினேன்.

ஆனால் ஐ.பி. எண் சர்வே எண்ணைப் போன்றதன்று. அது வாடகை வீட்டின் கதவிலக்கத்தைப் போன்றது. குடியிருப்பவர் வீடு மாறினால் இலக்கமும் மாறிவிடும். சர்வரைப் பெரிய இயந்திரத்திற்கு மாற்றினாலும், இணைப்பு நிறுவனத்தை மாற்றினாலும், வேறு நகரத்திற்குக் கொண்டு சென்றாலும் பெரும்பாலும் எண் மாறும். அவ்வாறு மாற்றும் உரிமை சர்வரை நடத்துபவருக்கு உண்டு. அவர் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிறர் மாற்றக்கூடிய ஒன்றை நம் பெட்டியில் அழியாத மையால் எழுதி வைத்தோம். தவறு அதுதான்.

தாசில்தாருக்கு மனுச் செய்கிறவர் எவ்வாறு எழுதுகிறார்? “தாசில்தார் அவர்கள், தாலுகா காரியாலயம்” என்றுதானே எழுதுகிறார்? காரியாலயம் பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்திற்கு மாறினாலும் அம்மனு போய்ச் சேரும். புதிய இடம் தபால்காரருக்குத் தெரியும். கட்டடத்தின் கதவிலக்கத்தை மட்டும் எழுதியிருந்தால், அது பூட்டிய கதவில் செருகப்பட்டுக் கிடக்கும். பெட்டியில் பெயரை எழுதுவது முதல் வகை. எண்ணை எழுதுவது இரண்டாம் வகை.

பெயர் முறை தோன்றிய வரலாறு

இத்தொல்லை நமக்கு மட்டும் வந்ததன்று. இணையத்தின் முன்னோடியாக அமெரிக்காவில் ‘ஆர்ப்பாநெட்’ என்னும் வலை இருந்தது. அதில் இருந்த கம்ப்யூட்டர்களின் பெயர்களையும் எண்களையும் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே பட்டியலாக எழுதி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக, பட்டியல் நீண்டது, மாற்றங்கள் குவிந்தன, ஓரிடத்தில் திருத்தியது மற்ற இடங்களில் திருத்தப்படாமல் நின்றது. இந்நிலையில் 1983ஆம் ஆண்டில் பால் மொகபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். எனப்படும் டொமைன் பெயர் முறையை வகுத்தளித்தார். 1987ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளே இன்றளவும் அடிப்படையாக இருந்து வருகின்றன.

இம்முறையின் தத்துவம் பஞ்சாயத்து ஆட்சியின் தத்துவமே ஆகும். எல்லாவற்றையும் தலைநகரில் ஒரே பதிவேட்டில் எழுதாமல், அவரவர் எல்லைக்குட்பட்டதை அவரவரே எழுதி வைத்துக்கொள்வது. ‘குரல்.யூனியன்.இன்’ என்று ஒரு பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதை வலப்புறத்திலிருந்து படிக்க வேண்டும். உச்சியில் ‘ரூட்’ எனப்படும் மூலச் சர்வர்கள் 13 பெயர்களில், உலகின் பல இடங்களில் இயங்குகின்றன. ‘இன்’ என்பதற்குப் பொறுப்பாளர் யார் என்று மட்டும் அவை சொல்லும். இந்தியாவுக்குரிய ‘இன்’ பெயர்களின் பதிவேட்டை நிக்சி என்னும் நிறுவனம் நிர்வகிக்கிறது. அப்பதிவேடு, ‘யூனியன்’ என்பதற்குப் பொறுப்பாளரைக் காட்டும். அவர், ‘குரல்’ இருக்கும் எண்ணைச் சொல்வார். சர்வர் இடம் மாறினால், இந்தக் கடைசிப் பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். 27 ஊர்களுக்கும் ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

பெட்டி ஒவ்வொரு முறையும் இவ்வளவு தூரம் நடப்பதில்லை. ஒரு முறை கேட்ட பதிலைச் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். எத்தனை வினாடிகள் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அப்பதிலிலேயே சொல்லப்பட்டிருக்கும். 3,600 என்றிருந்தால் ஒரு மணி நேரம். 300 என்றிருந்தால் ஐந்து நிமிடம். பொறுப்புள்ள நிறுவனங்கள் சர்வரை மாற்றுவதற்கு முன்பாகவே இக்காலத்தைக் குறைத்துவிடும். மாற்றம் விரைவில் எங்கும் பரவும்.

பெயரால் வேறு இரண்டு நன்மைகளும் உண்டு. ஒரே பெயருக்கு இரண்டு சர்வர்களைக் குறித்து, “முதலாவது கிடைக்காவிடில் இரண்டாவதை அழைக்க” என்று பதிவேட்டில் எழுதி வைக்க முடியும். தலைவர் இல்லாதபோது துணைத் தலைவர் கூட்டத்தை நடத்துவது போன்றது இது. மற்றொன்று பாதுகாப்பு. பேச்சின் குறிப்புகளைப் பிறர் படிக்காதவாறு மறைத்து அனுப்பும் முறையில், சர்வர் தன் அடையாளச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அச்சான்றிதழ் பெரும்பாலும் பெயருக்கே வழங்கப்படுகிறது. பெட்டியில் எண்ணை எழுதியிருந்தால், சான்றிதழில் உள்ள பெயரோடு அது ஒத்துப்போகாது, இணைப்பு மறுக்கப்படும்.

மேலும், 192.0.2.10 போன்ற பழைய வகை எண்கள் மொத்தம் சுமார் 430 கோடிதான். உலகத்திற்கு அவை போதவில்லை. ஆதலால் ஐ.பி. ஆறாம் பதிப்பு என்னும் புதிய வகை வந்து பரவி வருகிறது. அதன் எண்ணை முழுமையாக எழுதினால் 32 குறியீடுகள் வரும். அதைப் பிழையின்றித் தட்டச்சு செய்து நினைவிலும் வைப்பது யாராலும் ஆகாது. எண்ணை எழுதும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுவது நன்று.

பெட்டியில் செய்ய வேண்டியவை

இனி, உங்கள் ஊரில் பெட்டியைப் பொருத்த வரும் தொழில்நுட்பப் பணியாளரிடம் நீங்கள் கேட்டுச் சரிபார்க்க வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது: சர்வர், பிராக்ஸி, ரெஜிஸ்ட்ரார் என்ற கட்டங்கள் அனைத்திலும் நிறுவனம் தந்த பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்றில் பெயரும் மற்றொன்றில் எண்ணுமாக விட்டுவிடக் கூடாது. பெயரை ஆங்கில எழுத்துக்களில், இடைவெளி இல்லாமல், ஒரு புள்ளியும் பிசகாமல் தட்ட வேண்டும்.

இரண்டாவது: டி.என்.எஸ். என்ற கட்டங்கள் இரண்டு இருக்கும். பெயருக்கு எண் சொல்லித் தரும் சர்வர்களை அங்கே குறிக்க வேண்டும். இவ்விடத்தில் மட்டும் எண்ணே வேண்டும். வழி சொல்பவர் வீட்டிற்கே வழி தெரியாவிட்டால் யாரிடம் கேட்பது? இரண்டு கட்டங்களையும் நிரப்ப வேண்டும். ஒன்றே போதுமென்று விட்டால், அந்த ஒன்று நின்ற நாளில் பெயர் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது: போர்ட் எண் என்ற கட்டம். எஸ்.ஐ.பி. முறைக்கு வழக்கமான போர்ட் 5060. மறைத்து அனுப்பும் முறைக்கு 5061. நிறுவனம் ஒரே பெயருக்கு இரண்டு சர்வர்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தால், இக்கட்டத்தில் என்ன எழுதுவது என்று நிறுவனத்தையே கேட்க வேண்டும். போர்ட் எண்ணை வெளிப்படையாக எழுதிவிட்டால், விதிப்படி பெட்டி அந்த வரிசையைப் பார்க்காமலே நேரே சென்றுவிடும்.

நான்காவது: சில பெட்டிகள் மின்சாரம் வந்தவுடன் ஒரு முறை மட்டும் பெயருக்குரிய எண்ணைக் கேட்டு, பிறகு அணைக்கும் வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றில் பெயர் எழுதியும் எண் எழுதியதற்குச் சமமே. குறித்த கால இடைவெளியில் மறுபடியும் கேட்கும்படி அமைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிடில், வாரம் ஒரு முறை தானே நின்று இயங்கும்படியாவது அமைக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது: பெட்டியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். தேதி தவறினால், காலாவதியாகாத சான்றிதழும் காலாவதியானதாகத் தோன்றும்.

ஆறாவது: எல்லாம் முடிந்த பின் பெட்டியை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் இயக்கிப் பாருங்கள். இங்கிருந்து ஒரு முறை பேசுங்கள். அங்கிருந்து ஒரு முறை உங்களை அழைக்கச் சொல்லுங்கள். இரண்டும் நடந்த பிறகே கையொப்பமிடுங்கள். வெளியே பேச முடிகிறது என்பதால் உள்ளே அழைப்பு வரும் என்று கொள்ளலாகாது.

பெயருக்கும் பராமரிப்பு வேண்டும்

பெயரை எழுதிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கிணறு வெட்டிவிட்டால் தூர் வாராமல் விடலாமா?

யூனியனோ பஞ்சாயத்தோ தன் சொந்தப் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்தால், அதைக் காலந்தோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிடில் பெயர் கைவிட்டுப் போகும். அதை வேறொருவர் பதிவு செய்துகொள்ளவும் கூடும். அப்போது நம் பெட்டிகள் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டும். ஆகவே, பெயரைக் காரியாலயத்தின் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். பெட்டி விற்றவர் பெயரிலோ, குமாஸ்தாவின் சொந்தப் பெயரிலோ பதிவு செய்ய இடம் தரக் கூடாது. அரசுக் காரியாலயங்களுக்கென உள்ள ‘கவ்.இன்’ பெயர்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் வழியாகப் பெறலாம்.

எண்ணே பொருத்தமான இடமும் ஒன்று உண்டு. சர்வரும் பெட்டியும் ஒரே கட்டடத்தில், நம் நிர்வாகத்திலேயே இருந்து, அச்சர்வருக்கு நிலையான எண்ணை நாமே கொடுத்திருந்தால், எண்ணை எழுதுவதில் குற்றமில்லை. அங்கே எண்ணை மாற்றுபவரும் நாமே. அன்றியும், வெளி இணையம் அறுபட்டபோது பெயர் சொல்லும் சர்வரை அடைய முடியாமல் போகலாம்; அப்பொழுதும் உள்ளூர்ப் பேச்சு நடக்கும். சில பெட்டிகளில் இரண்டாவது சர்வருக்கென ஒரு கட்டம் உண்டு. முதற் கட்டத்தில் பெயரை எழுதி, இரண்டாவதில் எண்ணைத் துணையாக எழுதி வைப்பதும் தகும். ஆனால் அவ்வெண்ணைப் பதிவேட்டிலும் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

மற்றொரு முக்கிய விஷயம். நம் இணையவழி டெலிபோன்களை வெளியிலுள்ள சாதாரண டெலிபோன்களோடும் மொபைல்களோடும் இணைப்பதானால், அரசின் உரிமம் பெற்ற டெலிபோன் நிறுவனத்தின் வழியாகவே செய்ய வேண்டும். செலவு குறையுமென்று எவராவது வேறு வழி காட்டினால் அதை ஏற்கலாகாது.

பஞ்சாயத்தின் பொறுப்பு

“எல்லார் கையிலும் மொபைல் இருக்கும்போது இந்த மேசை டெலிபோன் எதற்கு?” என்று உறுப்பினர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. மொபைல் எண் ஆளுக்கு உரியது. தலைவர் மாறுவார், செயலாளர் மாறுதலாவார். எண்ணும் அவரோடு போய்விடும். காரியாலயத்து டெலிபோன் பதவிக்கு உரியது. டவர் ஓய்ந்த நேரத்திலும், பேட்டரி உள்ளவரை கேபிள் வழியே அது பேசும். ஒரு செய்தி ஊருக்குப் போய்ச் சேர இரண்டு வழிகள் இருப்பது, ஒரு வழி இருப்பதைக் காட்டிலும் மேலல்லவா?

கிராமங்களுக்குக் கண்ணாடியிழைக் கேபிள் அமைக்கும் தேசியத் திட்டத்திற்கு 2011ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. சுமார் 2,50,000 கிராமப் பஞ்சாயத்துகளை இணைப்பது அதன் நோக்கம். பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் இப்பணிக்கெனத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் அமைக்கப்பட்டது. அரசு கேபிளை ஊர் வாயில் வரை கொண்டுவந்து கொடுக்கும். அதன் முனையில் உள்ள பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கவனிப்பது ஊராரின் பொறுப்பாகும்.

ஆகவே, ஒவ்வொரு பஞ்சாயத்தும் அடுத்த கூட்டத்தில் மூன்று காரியங்களைத் தீர்மானமாக நிறைவேற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளுகிறேன். ஒன்று, பெட்டிக்கென ஒரு பதிவேடு. எந்தக் கட்டத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது, யார், எந்த நாளில் எழுதினார் என்பது அதில் இருக்க வேண்டும். ரகசியச் சொல்லை மட்டும் உறையிலிட்டுத் தனியே வைக்க வேண்டும். இரண்டு, நிறுவனத்தின் அறிவிப்புகள் யாவும் காரியாலயத்தின் பெயரிலுள்ள மின்னஞ்சலுக்கே வர வேண்டும். மாறுதலாகிச் செல்பவர் அதன் சாவியை அடுத்தவரிடம் ஒப்படைத்த பிறகே விடுவிக்கப்பட வேண்டும். மூன்று, ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளன்று யூனியனிலிருந்து ஒரு முறை மணி அடிக்கச் செய்து, அடித்ததெனப் பதிவேட்டில் எழுத வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் போதும். இம்மூன்றில் எதற்கும் தனியே நிதி ஒதுக்க வேண்டியதில்லை.

முடிவாக ஒன்று சொல்லி அமர்கிறேன். அந்த 11 பெட்டிகளிலும் எண்ணை நீக்கிப் பெயரை எழுதினோம். அதற்கு ஒரு பகற்பொழுதுதான் ஆயிற்று. மறு ஆண்டு அதே நிறுவனம் மறுபடியும் தன் சர்வரை இடம் மாற்றியது. இம்முறை அறிவிப்பு எங்கள் கையில் இருந்தது. மாறிய அன்று மாலை 27 பஞ்சாயத்துகளையும் அழைத்தோம். 27 இடங்களிலும் மணி அடித்தது. சர்வர் மாறியது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் பெரியவருடைய ஊருக்கும் நானே அழைத்தேன். டெலிபோனை எடுத்தவரிடம், அவரை அழைத்துவரச் சொன்னேன். “ஐயா, அன்று நீங்கள் கேட்டதற்கு இன்று பதில் சொல்லலாமென்று அழைத்தேன்” என்றேன். “மணி அடித்ததே ஐயா, அதுவே பதில்தான்” என்றார். அவர் நனைந்த நெல்லுக்கு அது ஈடாகாது என்பதை நான் அறிவேன். உங்கள் ஊரில் ஒருவருடைய நெல்லாவது நனையாமல் இருக்க இது உதவுமானால், இன்று நான் இங்கே வந்த காரியம் முடிந்தது.

ஊருக்குத் திரும்பியதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே எண் இருந்தால், பெயரை எழுதுங்கள்.